மச்சான் பிடிக்கிற கயிறு

ஒரே பிள்ளை மேடையில் நின்று நாலு பேராக மாறி மாறிப் பேசுவதை இப்போது மோனோ ஆக்டிங் என்கிறார்கள். போன மாதம் ஒரு பள்ளிக்கூட விழாவில் அதைப் பார்க்க என்னையும் கூட்டிப்போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உங்களில் சிலரும் வந்திருந்தீர்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிந்ததைப் பார்த்தேன். ஒரு சிறுமி மாமியாராகவும் மருமகளாகவும் போலீஸ்காரராகவும் வந்து போனாள். எல்லோரும் கைதட்டினீர்கள். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அதைத் தலைக்கனம் என்று நீங்கள் பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது. தலைக்கனம் இல்லை அம்மா, எரிச்சல். பன்னிரண்டு வயசில் பிடித்த எரிச்சல், இன்னும் விடவில்லை. இன்றைக்கு அதைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அது யுத்தக் காலம். தூத்துக்குடியில் கன்னியர் மடம் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்கு வெளியே சாம்பல் நிறக் கப்பல்கள் நிற்கும். பர்மா அரிசி வரத்து நின்றுபோய், கடையில் கிடைத்த அரிசியில் பாதி கல். இருட்டினால் விளக்குக்குக் கறுப்புக் காகிதம் சுற்ற வேண்டும் என்பதால் பள்ளிக்கூட விழாவைக்கூட வெயிலோடு நடத்தி முடித்துவிடுவார்கள். கடற்கரைக் கிடங்குகளில் சங்குச் சதை அழுகும் நாற்றம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காற்று திரும்பினால் அது வகுப்பறைக்குள்ளேயே வந்து உட்காரும். வெளியூர் டீச்சர்மார் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொள்வார்கள். எங்களுக்குச் சோறு போட்டது அந்த நாற்றம்தான்.

அப்பா சங்கு குளிப்பவர். கல்லோடு கடலுக்குள் இறங்கி, மூச்சு தாங்கும் மட்டும் தரையைத் தடவிச் சங்கு பொறுக்கி, இடுப்புக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே வள்ளத்தில் நிற்கிறவர் உடனே இழுக்க வேண்டும். அப்படிக் கயிறு பிடிக்கிறவர் யார் என்பதில் எங்கள் பக்கம் பேச்சுக்கே இடமில்லை. குளிக்கிறவருடைய பெண்டாட்டியின் கூடப்பிறந்தவர்தான் பிடிப்பார். மச்சான். அண்ணன் தம்பிக்குச் சொத்து ஆசை வரலாம், சிநேகிதனுக்குக் கண் அசரலாம். மச்சான் அசர மாட்டார். அசந்தால் போவது அவர் தங்கச்சி தாலி.

இன்னொரு வழக்கமும் உண்டு. மழைக்காலம் முடிந்து சீசன் தொடங்கும் முன்பு, குளிக்கிறவர் வீட்டிலிருந்து கயிறு மச்சான் வீட்டுக்குப் போகும். அவர் அதை முழம் முழமாக இழுத்துப் பார்த்து, நைந்த இடத்தை வெட்டிச் சேர்த்து முறுக்கி, முதல் நாள் விடியலில் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வருவார். இந்த வருஷமும் வாங்க என்று வாயால் கூப்பிடுகிற பழக்கம் கிடையாது. கயிறு வந்தால் கூப்பிட்டதாக அர்த்தம். வராவிட்டால் அதற்கும் அர்த்தம் உண்டு.

எங்கள் அப்பாவுக்குக் கயிறு பிடித்தவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். முந்தின சீசனில் ஒரு நாள் அப்பா பாதித் தூரம் மேலே வந்துகொண்டிருந்தபோது கயிறு திடீரென்று தளர்ந்துவிட்டது. அப்பா மறுபடி அடிக்குப் போனார். மாமா இழுத்து மேலே கொண்டுவந்தபோது அப்பாவுக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம். ஒரு காது அன்றோடு போயிற்று. கப்பல் போன அலை வள்ளத்தைத் தூக்கி அடித்தது, கயிறு ஓடியது, ஓடின கயிற்றை உள்ளங்கையாலேயே நிறுத்தினேன் என்றார் மாமா. இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. ஒரு வாரம் கரண்டியால் சாப்பிட்டார். ஊர் சும்மா இருக்குமா? விடாமல் பிடித்ததால் உரிந்த தோல் என்றது பாதி ஊர். விட்டதால்தான் உரிந்தது என்றது மீதி. அப்பா எந்தப் பக்கமும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததே மாமா மேல் குற்றம் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. அந்த மழைக்காலம் முழுவதும் கயிறு எங்கள் குசினிச் சுவரில் ஆணியில் தொங்கியது. மாமா எனக்கு உயிர். சின்னச் சங்கின் முனையை அறுத்து எனக்கு ஊதக் கொடுத்தவர் அவர். குசினிக்குள் போகும்போதெல்லாம் அந்தக் கயிற்றைப் பார்த்து எனக்கு அழுகை வரும்.

அந்த நேரத்தில்தான் புது டீச்சர் வந்தார், காவிரிக்கரைப் பக்கத்து ஊர்க்காரர். கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை விழா. ஆளுக்கொரு தனிநடிப்பு, முதல் பரிசு ஒரு பவுண்டன் பேனா. “உங்க வீட்டுத் தொழிலையே நடிச்சுக் காட்டுங்க” என்றார். நான் அவரிடம் சங்கு குளிப்பதை நடித்துக் காட்டினேன். எனக்கு ஒரு திட்டம் இருந்தது. அப்பா வருவார், மாமாவையும் வரவழைக்கலாம், பாதி ஊர் உட்கார்ந்திருக்கும். கயிறு பிடிக்கிறவர் தண்ணீரை எப்படிப் பார்க்கிறார், கை எப்படிக் காத்திருக்கிறது என்று நான் காட்டிவிட்டால், மாமா விட்டிருக்க மாட்டார் என்று எல்லோருக்கும் விளங்கிவிடும். கயிறு ஆணியை விட்டு இறங்கி அவர் வீட்டுக்குப் போய்விடும். அவ்வளவுதான் என் திட்டம்.

டீச்சர் வேலை தெரிந்தவர், அதை மறுக்க மாட்டேன். ஒரே துண்டை நாலு விதமாகக் கட்டச் சொல்லிக்கொடுத்தார். இடுப்பில் இறுக்கினால் குளிக்கிறவர். தலைப்பாகை கட்டினால் கயிறு பிடிக்கிறவர். முக்காடு போட்டால் கரையில் நிற்கும் மனைவி, தோளில் மடித்துப் போட்டால் சங்கு வியாபாரி. தரையில் சாக்பீஸால் நாலு வட்டம் போட்டு, ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தர் கால் படக்கூடாது என்றார். நான் மனைவியாகப் பேசும்போது வெறும் காற்றைப் பார்க்கிறேன் என்று கோபித்தார். “அங்க உன் புருஷன் தலை தெரியணும். உன் கண்ணு பார்த்தாத்தான் நாங்க பார்ப்போம்.” குரலை மாற்றத் தொண்டையை நெரிக்காதே, நிற்கிற நிலையை மாற்று, குரல் தானாக மாறும் என்றார். உண்மைதான். மாமாவைப் போல முழங்காலை மடக்கிக் குதிகாலை ஊன்றி நின்றதும் எனக்குள்ளிருந்து மாமா பேசினார்.

அதோடு விட்டிருக்கலாம். நன்றாக இருப்பதை இன்னும் நன்றாக ஆக்குகிறேன் என்று கிளம்புகிறவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

“எல்லாம் சரி. ஆனா இதுல என்ன நடக்குது? ஒருத்தர் இறங்குறார், ஒருத்தர் தூக்குறார். அவ்வளவுதானா?” என்றார் டீச்சர்.

“அவ்வளவுதான் டீச்சர்.”

“நாடகம்னா ஒரு துரோகம் வேணும்மா. யூதாஸ் இல்லாம உங்க ஊர்ல பாஸ்கு போடுவாங்களா?”

பாஸ்கு என்றால் பெரிய வியாழன், வெள்ளியில் நாங்கள் போடுகிற இயேசுவின் பாடுகள் நாடகம். யூதாஸ் இல்லாமல் அதைப் போட முடியாதுதான். மறுநாள் டீச்சர் புதிதாக எழுதிக்கொண்டு வந்தார். கயிறு பிடிக்கிறவன் குளிக்கிறவனுடைய அண்ணன். சொத்துக்கு ஆசைப்பட்டு, தம்பி கடலுக்கடியில் இருக்கும்போது கயிற்றை விட்டுவிடுகிறான். தம்பி சாகிறான், மனைவி அலறுகிறாள். வியாபாரிக்கு ஒரு சிரிப்பு வேறு. எங்கள் ஊர் வியாபாரிகள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

“அண்ணன் புடிக்க மாட்டாவ டீச்சர். மச்சான்தான் புடிப்பாவ.”

“அண்ணன்னா கூடப்பிறந்த ரத்தம். அவன் விட்டாத்தான் ஜனம் அழும். மச்சான் விட்டா யாரு அழப் போறா?”

“எங்க ஊர்ல யாரும் அண்ணங்கிட்ட கயித்தக் குடுக்க மாட்டாவ டீச்சர். சிரிப்பாவ.”

“இது நாடகம். உங்க ஊர்க் கதை இல்ல. திரும்ப முதல்லேர்ந்து சொல்லு.”

மூன்று வாரம் இந்தப் பாடு. ஒத்திகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் என் வாயில் மச்சான் என்று வரும். டீச்சர் மேசையைத் தட்டுவார். மறுபடி முதலிலிருந்து. துண்டை இடுப்பில் கட்டு, தலையில் கட்டு, முக்காடு போடு. தொண்டை கட்டிப்போய், அம்மா உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்தாள். “ஏளா, படிச்சவுக சொல்லுதாவ. சொல்லுத மாதிரி செஞ்சிட்டுப் போயேன்” என்றாள். அவளிடம் கதையை முழுசாகச் சொல்லியிருந்தால் அங்கேயே விளக்குமாற்றை எடுத்திருப்பாள். நான் சொல்லவில்லை. எனக்கு அப்போது அண்ணனா மச்சானா என்பது ஒன்றுதான் வழக்கு. ஊரே சிரிக்கும், பேனா போய்விடும். ஆமாம், பேனாவும் மனசுக்குள் வந்துவிட்டிருந்தது. அதை மறைப்பானேன்.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் டீச்சருக்கும் அலுத்துவிட்டது. “சரி தாயே, மச்சான்னே வச்சுக்கோ. ஆளை விடு” என்றார். நான் ஜெயித்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரைக்கும் ஓடினேன். அண்ணன் கயிற்றை விடுகிற கதையில் அண்ணனை எடுத்துவிட்டு மச்சானை நிறுத்தினால், இப்போது கயிற்றை விடுவது யார் என்று நான் யோசிக்கவே இல்லை. மூன்று வாரம் ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்டவளுக்கு அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியவில்லை. டீச்சருக்கும் தெரியாது, அவர் எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டதில்லை. அறிவு கெட்ட பிள்ளை என்று நீங்கள் சொல்லலாம். நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

விழாவன்று காலையில் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தேன். அப்பா பார்த்தார். “நனைச்சிராத” என்று மட்டும் சொன்னார். பிறகு மாமா வீட்டுக்குப் போனேன்.

“நான் அங்கன வந்து என்னளா செய்ய? நாலு பேரு நாலு விதமாப் பாப்பாவ” என்றார் மாமா.

“நீங்க வரணும் மாமா. முன்னால உக்காரணும். நான் உங்களத்தான் நடிக்கேன்.”

மாமா எழுந்து கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்தார்.

நாலு மணி வெயில். பள்ளிக்கூட முற்றத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டு மேடை. பெண்களும் பிள்ளைகளும் பாயில், ஆண்கள் பின்னால் நின்றார்கள். அப்பா வேப்பமரத்தடியில் நல்ல காதை மேடைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். மாமா மட்டும் நான் சொன்னபடி முன்னால், பிள்ளைகளுக்கு நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கயிற்றின் ஒரு நுனி என் இடுப்பில். மறு நுனி என் கையில். நான் மாமா மாதிரி நின்றேன், மாமா மாதிரிக் கனைத்தேன். பாயில் இருந்தவர்கள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு. மாமாவும் தலையைக் குனிந்து சிரித்தார். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் எதையும் செய்ததில்லை.

“கீழ மச்சான் சுண்டுதாரு. கயிறு ஆடுது. இழுத்தா அவரு, விட்டா சொத்து” என்றேன், டீச்சர் எழுதிக் கொடுத்தபடி. சொல்லும்போதே முற்றம் அமைதியாகிவிட்டது. எனக்கு அது நடிப்புக்குக் கிடைத்த அமைதி என்று தோன்றியது. நாற்பது தடவை பழகிய கை, தானாகக் கயிற்றை முன்னால் வீசியது.

கயிறு பெஞ்சைத் தாண்டிப் பறந்தது. கீழே விழுந்ததா என்றால் இல்லை. மாமா பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். யோசித்துப் பிடித்ததில்லை. குழந்தை கட்டிலிலிருந்து உருண்டால் நாம் பிடிக்க மாட்டோமா, அப்படி. பிடித்ததோடு குதிகாலை ஊன்றி நின்றும்விட்டார். மறு நுனி என் இடுப்பில் அல்லவா? அடுத்த வட்டத்துக்குப் போய் நான் மூழ்கிச் சாக வேண்டும், போக முடியவில்லை. இழுத்துப் பார்த்தேன், கயிறு விறைத்து நின்றது. யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் ஓரத்திலிருந்து, “ஐயா, விடுங்க! கயிற்றை விடுங்க!” என்று கத்தினார். மாமாவுக்கு அது காதிலேயே விழவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. மூன்று வாரம், கட்டின தொண்டை, பேனா, எல்லாம் போகிறது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மரியாதைகூட மறந்து அலறினேன்.

“விடு மாமா! விட்டுத் தொலை!”

மாமா என்னைப் பார்த்தார். அப்புறம் விட்டார். நான் மூழ்கினேன், செத்தேன், முக்காடு போட்டு அழுதேன். ஒருவரும் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது மாமா இருந்த இடம் காலியாக இருந்தது. பேனா வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. “எவ்வளவு நல்லா வந்த நாடகம்! அந்த ஆளாலே போச்சு” என்று டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அதை அப்படியே நம்பினேன். படித்தவர் சொன்னதாயிற்றே.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது அப்பா, காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த குரலில் அம்மாவிடம் சொன்னார்.

“கயித்தக் கண்டதும் புடிச்சிட்டாரு, பாத்தியா?”

“அன்னைக்கும் அப்பிடித்தான் புடிச்சிருப்பாவ” என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் அப்பா கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். “இத மாமாட்ட குடுத்துட்டு வா. ஒண்ணும் சொல்ல வேண்டாம்.” நான் இதைத்தானே மழைக்காலம் முழுவதும் கேட்டு ஜெபித்தேன்? ஆனால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. என்னைக் கேலிப்பொருளாக்கியவருக்கு உடனே மரியாதை வேறா என்று வயிறு எரிந்தது. இரண்டு நாள் ஏங்கட்டும் என்று நினைத்தேன். கடற்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய வள்ளத்தின் அடியில் கயிற்றைத் திணித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

“குடுத்தியா?”

“குடுத்துட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல.”

“அவரு என்ன சொல்லப் போறாரு” என்று அப்பா சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். வள்ளத்தின் அடியில் நண்டுப் பொந்துதான் இருந்தது. யுத்தக் காலத்தில் நல்ல கயிறு கிடந்தால் யார் விடுவார்கள்? அழுதேன். சொன்னால் அப்பா தோலை உரிப்பார் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். புதுவருஷப் பூசை முடிந்து கோயில் வாசலில் அம்மா தன் அண்ணனைப் பார்த்து, “முத நாளு வாரியளா அண்ணே?” என்று கேட்டாள். “அது மச்சான் சொல்லணும்” என்றார் மாமா. அம்மா வீட்டில் வந்து சொன்னதும் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “கயிறே போயாச்சு. இன்னும் வாயால வேற சொல்லணுமோ? நீ அந்தப் பக்கம் போவாத” என்றார். நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

சீசனின் முதல் நாள் விடியலில் நான் தூக்குவாளியோடு அப்பாவின் பின்னால் கரைக்குப் போனேன். வள்ளங்கள் ஒவ்வொன்றாகப் போயின. அப்பா எங்கள் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம், ஐம்பது அறுபது அடி தள்ளி, மாமா வந்து மணலில் உட்கார்ந்திருந்தார். வந்திருந்தார், கேட்டீர்களா? கயிறு வராத மனுஷர், ஒருவேளை அப்பா கையைக் காட்டிக் கூப்பிடுவாரோ என்று வந்திருந்தார். அப்பா அவரைப் பார்த்தார். தோளில் கயிறு இல்லை. “கயிறு இல்லாம வந்து உக்காந்துருக்காரு பாரு. நான் அனுப்பினது வேண்டாம்னு எனக்குக் காட்டுதாரு” என்று அப்பா என்னிடம் சொன்னார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றேன். அந்த ஐம்பது அடி நடந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தூக்குவாளியை வள்ளத்துக்குள் எடுத்து வைத்தேன். கடைசி வள்ளமாக, இரவல் கயிற்றைக் கூலிக்கு வந்த ஓர் ஆளிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி அப்பா போனார். மாமா எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு போனார்.

ஈஸ்டர் கழிந்து மாமா கொழும்புக்குத் தோணி ஏறிவிட்டார். திரும்பி வரவில்லை. சில வருஷம் கழித்து அங்கிருந்து ஒரு கடுதாசி வந்தது, அவர் செத்துப்போன சேதி. அம்மா அண்ணனை நினைத்து அழுதபோதெல்லாம் நான் டீச்சரைத் திட்டினேன். நாடகத்தில் துரோகம் வேண்டும் என்றாரே, அவரால்தான் எல்லாம் என்று என் புருஷனிடம் சொன்னேன், பிள்ளைகளிடம் சொன்னேன், உங்களிடம்கூட எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கயிற்றின் கதையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த டீச்சர் பாவம். வேலை தெரிந்தவர்.

அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் நான்தான் பக்கத்தில் இருந்தேன். எனக்கு அப்போது நாலு பிள்ளைகள். ஒரு நாள் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருக்கும்போது கையைத் தடுத்து நிறுத்தி, இருக்கிற ஒரு காதை என் பக்கம் திருப்பினார்.

“கயித்த அனுப்பியும் அவரு வரலியேளா” என்றார்.

“ஆமாப்பா, வரல” என்றேன்.